செடித் தொட்டியில் சிறு கௌராமிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வகைச் சிறு மீன்கள் ஒன்றாக வாழும் செடித் தொட்டியில் கௌராமி விடலாமா என்று யார் கேட்டாலும், தாராளமாக விடலாம் என்றுதான் சொல்வேன். கூடவே ஒன்றையும் சொல்வேன்: கௌராமி தொட்டியின் மேல் பாதியில் வாழும் மீன். அது மூச்சு வாங்குவது, சாப்பிடுவது, கூடு கட்டுவது, சண்டை போடுவது, ஒளிவது எல்லாம் அங்கேதான். மணல் பரப்பவும் கல் அடுக்கவும் நாம் காட்டும் அக்கறையில் பாதியைத் தண்ணீரின் மேற்பரப்புக்குக் காட்டினால் போதும், இந்த மீன் நன்றாக இருக்கும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

சிறு கௌராமி என்றால் எவை?

முழுதாக வளர்ந்தாலும் 8 சென்டிமீட்டரைத் தாண்டாதவை. செடித் தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் வளர்ப்பது மூன்று வகை. ஹனி கௌராமி தேன் நிறத்தில் 4 முதல் 5 செ.மீ. இருக்கும். ட்வார்ஃப் கௌராமி 7, 8 செ.மீ. வரை வரும், உடலில் சிவப்பும் நீலமும் மாறி மாறிக் கோடுகளாக ஓடும். பவுடர் ப்ளூ, ஃப்ளேம் ரெட், நியான் ப்ளூ என்று விற்பவை தனி இனங்கள் அல்ல, ட்வார்ஃபின் வளர்ப்பு நிறங்கள்தான். மூன்றாவது ஸ்பார்க்ளிங் கௌராமி. 4 செ.மீ.தான் வளரும். தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்பாகத் தெரியும்; கிட்டே போனால் உடலெங்கும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள், கண்ணைச் சுற்றிப் பளீரென்று நீலம். முதல் இரண்டும் கங்கை, பிரம்மபுத்திரா பாயும் பகுதிகளின் தேங்கிய, மெல்ல ஓடும் நீர்நிலைகளைச் சேர்ந்தவை. மூன்றாவது தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது.

த்ரீ ஸ்பாட் கௌராமியையும் அதன் நிற வகைகளான ப்ளூ, கோல்ட், ஓபலைனையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். குட்டியாக இருக்கும்போது அழகாகத்தான் இருக்கும். பிறகு 15 செ.மீ. வரை வளர்ந்து தொட்டியையே ஆளும். பேர்ல் கௌராமி சாதுவானது, ஆனால் 12 செ.மீ. வரும், அதற்குப் பெரிய தொட்டி வேண்டும். சாக்லேட் கௌராமி அளவில் சிறியதுதான், ஆனால் மிக மென்மையான அமிலத் தண்ணீர் கேட்கும். பொதுத் தொட்டியில் போட்டு வருத்தப்பட வேண்டாம்.

முதல் தடவை வளர்க்கிறேன். எதை வாங்குவது?

ஹனி. யோசிக்கவே வேண்டாம். சாது, சின்னது, தண்ணீரில் சிறு ஏற்ற இறக்கம் இருந்தாலும் தாங்கும். ட்வார்ஃபின் நிறத்தைப் பார்த்ததும் மனம் அதன் பக்கம் சாயும், தெரியும். ஆனால் ட்வார்ஃபில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஆண்கள் இடத்துக்காக அடித்துக்கொள்ளும். இன்னொன்று, பண்ணைகளில் மொத்தமாக வளர்க்கப்படும் ட்வார்ஃப்களிடையே பரவியிருக்கும் ஒரு வகை இரிடோவைரஸ். அதற்கு மருந்தே கிடையாது. இரண்டு ஹனியும் ஒரு ட்வார்ஃபும் கலந்து வாங்குவதும் சரியான யோசனை அல்ல, ட்வார்ஃப் ஹனியை மூலைக்குத் தள்ளிவிடும்.

ஸ்பார்க்ளிங் இரண்டாவது தொட்டிக்கு ஏற்றது. நீங்கள் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிறவர் என்றால் அதைப் போல மனதைக் கவரும் சிறு மீன் வேறில்லை. ஓடியாடும் மீன்களோடு விட்டால் கண்ணிலேயே படாது.

ஹனி என்று வாங்கியது 5 செ.மீ. தாண்டி வளர்ந்துகொண்டே போகிறது. என்ன மீன் இது?

பெரும்பாலும் திக் லிப் கௌராமியாக இருக்கும். அதிலும் ஆரஞ்சு நிற வளர்ப்பு வகை உண்டு. 'சன்செட்' என்ற பெயர் இரண்டுக்கும் ஒட்டிக்கொண்டதால் குட்டியில் கலந்துவிடுகிறது. திக் லிப்பின் உடல் நீண்டு கனமாக இருக்கும், உதடு பெயருக்கேற்பத் தடித்திருக்கும், 9 செ.மீ. வரை போகும். ஹனிக்கு வாய் சிறியது, முகம் கூர்மையானது. திக் லிப்பும் கெட்ட மீன் அல்ல. 80 லிட்டருக்கு மேல் தொட்டி இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஒரு ஜோடி ஹனியும் ஒரு சிறு மீன் கூட்டமும் என்றால் 60 செ.மீ. நீளம், ஏறக்குறைய 55, 60 லிட்டர். ஸ்பார்க்ளிங் மட்டும் நான்கைந்து என்றால் 45 செ.மீ. நீளத்தில் 40 லிட்டர் போதும். ட்வார்ஃப் ஒற்றை ஆணுக்கும் 60 செ.மீ. தொட்டியைத்தான் சொல்வேன். லிட்டரைவிட நீளத்தைப் பாருங்கள். உயரமான, குறுகிய தொட்டி கௌராமிக்குப் பொருந்தாது: மேற்பரப்பு குறைவு, மூச்சுக்கு ஏறி வரும் தூரம் அதிகம்.

அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கிறதே, ஆக்சிஜன் போதவில்லையா?

பயப்படாதீர்கள், அது அதன் இயல்பு. கௌராமிக்குச் செவுள் மட்டுமல்ல, செவுளுக்கு மேலே தலைக்குள் ஒரு சிறிய அறையில் மடிப்பு மடிப்பான இன்னொரு மூச்சு உறுப்பும் உண்டு. லாபிரிந்த் என்பார்கள். மேலே வந்து ஒரு வாய் காற்றைப் பிடித்து அந்த மடிப்புகளுக்குள் தள்ளும். அங்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பழைய காற்று செவுள் மூடி ஓரமாகச் சிறு குமிழாக வெளியேறும். ஒரு ஹனியைச் சற்று நேரம் தொடர்ந்து கவனியுங்கள்: செடிக்குள்ளிருந்து சாய்வாக ஏறி வரும், உதடு மட்டும் மேற்பரப்பைத் தொடும், நொடியில் திரும்பி இறங்கிவிடும். இது ஆரோக்கியம்.

கவலைப்பட வேண்டியது வேறு காட்சி. மேற்பரப்பிலேயே தொங்கிக்கொண்டு, செவுள் வேகமாக அடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக்கூட அசையாமல் இருந்தால் ஏதோ தவறு. உடனே மீன் கழிவிலிருந்து சேரும் நஞ்சுகளான அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள், வெப்பநிலை பாருங்கள். மற்ற மீன்களும் மேலே வந்து திணறினால் சந்தேகமே வேண்டாம், பழுது தண்ணீரில்தான்.

காற்றிலிருந்து மூச்சு வாங்குவதால் ஃபில்டரே தேவையில்லை, குவளையில் வைத்தாலும் வாழும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அது உண்மையல்ல. லாபிரிந்த் ஆக்சிஜனைத்தான் தரும், அமோனியாவின் விஷத்திலிருந்து காப்பாற்றாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. மேற்பரப்பை எட்டவே முடியாமல் போனால் கௌராமி தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். மிதக்கும் செடி ஒரு இடைவெளி விடாமல் மூடிக்கொண்ட தொட்டி ஆபத்தானது.

மூடி அவசியமா?

அவசியம். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் தங்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்றைத்தான் அது சுவாசிக்கிறது, குளிர் அறையில் இது இன்னும் முக்கியம். தண்ணீரை விளிம்பு வரை நிரப்பாமல் நான்கைந்து செ.மீ. இடம் விடுங்கள். மூடியில் காற்று போய்வரச் சிறு திறப்பும் வேண்டும். கௌராமி மிரண்டால் துள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த ஃபில்டர் நல்லது?

ஓட்டம் மென்மையாக இருக்கும் எதுவும். சின்னத் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வலுவான ஃபில்டர் ஏற்கெனவே இருந்தால் தண்ணீர் வெளியேறும் முனையைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், அல்லது முனையில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகுங்கள். மிதக்கும் செடிகள் நாள் முழுக்கச் சுழன்று சுழன்று ஓடினால் ஓட்டம் அதிகம் என்று அர்த்தம். மேற்பரப்பு லேசாக நடுங்க வேண்டும், அலை அடிக்கக் கூடாது. நடுக்கமே இல்லாமல் போனால் மேலே எண்ணெய் போன்ற படலம் கட்டும், அதுவும் நல்லதல்ல.

என்னென்ன செடி வைக்கலாம்?

கௌராமி செடியைத் தின்னாது, பிடுங்காது. அதனால் உங்கள் விருப்பம்தான். ஆனால் மீனுக்கு உதவும்படி வைக்க வேண்டும் என்றால் மேலிருந்து கீழே யோசியுங்கள்.

முதலில் மிதக்கும் செடி. நான் முதலில் கைநீட்டுவது வாட்டர் ஸ்ப்ரைட்டுக்கு. மேலே மிதக்கவிட்டால் இலை அகலமாக விரியும், கீழே இழை இழையாக வேர் இறங்கும். அந்த வேர்களுக்குள் ஹனி நாள் முழுக்க மேயும், நூல் போன்ற தன் இரண்டு வயிற்றுத் துடுப்புகளால் ஒவ்வொரு வேரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகும். அந்தத் துடுப்புகளுக்குச் சுவை உணரும் திறனும் உண்டு, கலங்கிய தண்ணீரில் வழியையும் இரையையும் தேடும் மீனுக்கு அது பெரிய துணை. ஃப்ராக்பிட், சால்வினியா இரண்டும் நல்லவைதான். டக்வீட்டை மட்டும் வேண்டாம் என்பேன். ஒருமுறை நுழைந்தால் தொட்டியை விட்டு எளிதில் போகாது.

மேற்பரப்பில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகமாக மூடலாம், மீதி திறந்திருக்கட்டும். ஏர் ட்யூபை வளையமாக்கி, இரு முனைகளையும் இணைத்து மிதக்கவிட்டால் அதற்குள் செடி வராது. சாப்பாடு போடவும் மீன் மூச்சு வாங்கவும் அதுவே இடம்.

அடுத்து, பின்பக்கம் மேற்பரப்பு வரை எட்டும் உயரச் செடிகள்: வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா. ஒரு மீனை இன்னொரு மீன் துரத்தினால் பார்வையை மறிக்க இவைதான் சுவர். நடுவில் கட்டையோடு கட்டிய ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். இவற்றின் தண்டுக்கிழங்கை மண்ணில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். நிழலில் கிரிப்டோகோரைன். நட்ட புதிதில் அதன் இலைகள் கரைந்து விழும், பதறிப் பிடுங்காமல் வேரை விட்டுவைத்தால் திரும்பத் துளிர்க்கும்.

மேலே அடர்த்தியாக மூடிவிட்டு, கீழே அதிக ஒளி கேட்கும் தரைவிரிப்புச் செடியும் வளர்க்க ஆசைப்படுவது ஒத்துவராது. கௌராமித் தொட்டியில் நான் நிழலின் பக்கம்தான் நிற்பேன்.

செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கலாமா? காற்றைத்தானே சுவாசிக்கிறது?

கொடுக்கலாம், ஆனால் இந்தத் தர்க்கத்தை நம்பிக் கூட்டிவிடாதீர்கள். லாபிரிந்த் ஆக்சிஜனை உள்ளே எடுக்கத்தான் பெரிதும் உதவும். உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடைக் கௌராமியும் பெரும்பாலும் செவுள் வழியாகத் தண்ணீரில்தான் விடுகிறது. தண்ணீரிலேயே அது நிறைந்திருந்தால் வெளியேற வழியில்லை. செடிக்காரர்கள் வழக்கமாகக் குறி வைக்கும் 30 பி.பி.எம். (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) அளவைத் தொடாமல் 15, 20-லேயே நின்றுகொள்வது மேல். மேலே சொன்ன செடிகளில் எதற்கும் தனியாக வாயு தேவையும் இல்லை.

தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்?

வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி. பி.எச். 6-லிருந்து 7.5 வரை எதுவானாலும் நிலையாக இருந்தால் சரி. அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பி.பி.எம்.-க்குள் இருந்தால் நல்லது. புதுத் தொட்டி என்றால் அந்தப் பூஜ்யம் நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதுவரை கௌராமி வேண்டாம். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து சேர்த்து, ஏறக்குறைய அதே சூட்டில் ஊற்றுங்கள்.

நாட்டுப் பாதாம் (நாட்டு வாதுமை) இலை போடலாமா?

போடலாம். உலர்ந்த இலை தண்ணீருக்குத் தேநீர் நிறம் தரும், வெளிச்சத்தைக் குறைக்கும், ஸ்பார்க்ளிங்குக்கு அது ரொம்பப் பிடிக்கும். நோய்க்கு மருந்து என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ஆண், பெண் எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை வாங்குவது?

ட்வார்ஃபில் எளிது: பளிச்சென்ற நிறம் ஆண், வெள்ளி நிறம் பெண். விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் ஆண்களே. ஹனியில் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பருவத்துக்கு வந்த ஆணுக்கு உடல் ஆழ்ந்த ஆரஞ்சாகி, முகத்திலிருந்து வயிறு வழியாகக் கருநீலம் படரும். பெண் வெளிறிய பழுப்பு, பக்கவாட்டில் ஒரு பழுப்புக் கோடு. இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்றால், 1822-ல் இந்த மீனை முதலில் விவரித்த ஃபிரான்சிஸ் ஹாமில்டன் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனங்கள் என்று எண்ணித் தனித்தனிப் பெயர் வைத்தார். மஞ்சள் வளர்ப்பு வகையில் இது அவ்வளவு தெளிவாக இருக்காது. புது மீன் மிரட்சியில் நிறம் மங்கியிருக்கும், கடைத் தொட்டியில் வைத்து முடிவு செய்வது கஷ்டம்.

ஹனி என்றால் ஒரு ஆணும் இரண்டு பெண்ணும், இடம் இருந்தால் நான்கைந்தாகவும் வைக்கலாம். ட்வார்ஃப் ஆண் ஒன்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம், மிகப் பெரிய தொட்டியைத் தவிர. ஸ்பார்க்ளிங் நான்கிலிருந்து ஆறு.

துணைக்கு எந்த மீன்களை விடலாம்?

நடுத்தட்டில் எம்பர் டெட்ரா, ஹார்லிகுவின் ரஸ்போரா, தரையில் கோரிடோரஸ், குலி லோச், பாசி தின்ன ஓட்டோசின்க்ளஸ். இந்தக் கூட்டணியில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிறு மீன் கூட்டம் பயமில்லாமல் திறந்த இடத்தில் நீந்தினால் அதைப் பார்த்துக் கௌராமியும் வெளியே வரும்.

டைகர் பார்ப், செர்ப்பே டெட்ரா வேண்டாம்: நூல் துடுப்பைக் கண்டால் கடிக்கும். பெட்டா வேண்டாம்: அதுவும் லாபிரிந்த் மீன், மேற்பரப்பு தன்னுடையது என்றே நினைக்கும். ஏஞ்சல் வளர்ந்ததும் ஸ்பார்க்ளிங்கை விழுங்கிவிடும். கப்பி சாதுதான் என்றாலும் அதன் ஓயாத ஓட்டம் ஹனிக்குத் தொல்லை; சாப்பாடு ஒரு துளிகூட மிஞ்சாது.

இறால்?

வளர்ந்த அமானோ இறாலுக்கு ஆபத்தில்லை. செர்ரி இறாலின் குட்டிகளை மூன்று வகைக் கௌராமியும் பொறுக்கித் தின்னும், அதில் ஸ்பார்க்ளிங் கைதேர்ந்த வேட்டைக்காரன். பாசியும் மாஸ் செடியும் அடர்ந்திருந்தால் கொஞ்சம் பிழைக்கும். இறாலைப் பெருக்குவதுதான் நோக்கம் என்றால் அதற்குத் தனித் தொட்டி வையுங்கள்.

என்ன சாப்பாடு, எவ்வளவு?

சின்ன வாய்க்குச் சின்ன உணவு. பொடித்த ஃப்ளேக் அல்லது மெல்ல மூழ்கும் நுண்குருணை தினமும். வாரத்தில் இரண்டு மூன்று முறை ஆர்டீமியா (உப்புநீர் நுண்ணிறால்), டாஃப்னியா (நீர்த்தெள்ளு), கொசுப்புழு. ரத்தப்புழு எப்போதாவது போதும். நாளுக்கு இரண்டு முறை, ஓரிரு நிமிடத்தில் தீரும் அளவு. கௌராமி பாய்ந்து சாப்பிடாது. அருகில் வந்து, துடுப்பால் தொட்டுப் பார்த்து, பிறகுதான் எடுக்கும். அதற்குள் டெட்ரா கூட்டம் எல்லாவற்றையும் முடித்துவிடும். முதலில் தொட்டியின் ஒரு முனையில் டெட்ராக்களுக்குப் போட்டுவிட்டு, மறுமுனையில் செடி வளையத்துக்குள் கௌராமிக்குப் போடுங்கள்.

ஹனியும் ட்வார்ஃபும் மேற்பரப்புக்கு மேலே கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் உண்டு. மூடியின் அடியில் துளி துளியாகத் தெறித்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

வாங்கி ஒரு வாரம் ஆகிறது, வெளியே வரவே இல்லை.

விடுங்கள், வரும். விளக்கைக் குறைவாக எரியவிடுங்கள், மிதக்கும் செடியைக் கூட்டுங்கள், கண்ணாடி அருகே அடிக்கடி போகாதீர்கள். சாப்பிடுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் ஒளிந்தே இருந்தால் யாரோ துரத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு விளக்கணைந்த பின் மங்கலான டார்ச்சில் பார்த்தால் ஆள் யார் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தொட்டியிலிருந்து சத்தம் வருகிறதே?

ஸ்பார்க்ளிங் இருந்தால் அதுதான். மார்புத் துடுப்பின் தசைநாண்கள் துடுப்பு முட்களின் மேல் உரசிச் சுண்டப்படுவதால் வரும் ஒலி. சீப்பின் பல்லை நகத்தால் வருடினால் வருமே, அப்படி இருக்கும். இரண்டு மீன்கள் பக்கம் பக்கமாக நின்று துடுப்பை விரித்து முறைக்கும்போது கேட்கும். அமைதியான அறையில் கண்ணாடிக்கு வெளியிலும் கேட்கும், ஏர் பம்பின் இரைச்சலில் அமுங்கிவிடும். சண்டை பெரும்பாலும் இந்தச் சத்தத்தோடு முடிந்துவிடும்.

மூலையில் நுரை கட்டியிருக்கிறது. எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள், அது ஆண் கட்டிய கூடு. வாயில் காற்றைப் பிடித்து எச்சிலோடு குமிழாக்கி ஒவ்வொன்றாக மேலே ஒட்டுகிறது. ட்வார்ஃப் செடித் துணுக்குகளையும் கலந்து கெட்டியாகக் கட்டும். ஹனியின் கூடு பெரும்பாலும் வெறும் குமிழ்தான், பெரிய இலைக்கடியில் இருக்கும். ஹனி ஆண் பெண்ணுக்கு முன்னால் செங்குத்தாக நின்று தன் கருநீலத் தொண்டையைக் காட்டி, கூட்டை நோக்கி அழைத்துப் போவதைப் பார்க்கக் கிடைத்தால் எல்லா வேலையையும் விட்டுவிட்டுப் பாருங்கள்.

முட்டை 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும், மேலும் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தும். அதுவரை ஆண்தான் காவல், அருகே வரும் எல்லோரையும் விரட்டும். பொதுத் தொட்டியில் குஞ்சுகள் பிழைப்பது அரிது. வளர்க்க விரும்பினால் ஜோடியை 15 செ.மீ. தண்ணீர் மட்டும் உள்ள தனித் தொட்டிக்கு மாற்றி, முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிட்டு, குஞ்சு நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுங்கள். முதல் சில நாட்கள் இன்ஃபுசோரியா என்னும் நீர் நுண்ணுயிர்கள், பிறகு புதிதாகப் பொரித்த ஆர்டீமியா. லாபிரிந்த் உருவாகிவரும் முதல் சில வாரங்களில் மூடியைத் திறந்து வைக்க வேண்டாம்.

என் ட்வார்ஃப் நிறம் மங்கி, சாப்பிடாமல், உடலில் புண்ணோடு இருக்கிறது. காப்பாற்றலாமா?

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், மீனைத் தனியாக்குங்கள். பாக்டீரியாத் தொற்று என்றால் சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டு. நிறம் மங்குவது, சோர்வு, வயிறு வீக்கம், புண் எல்லாம் சேர்ந்து வந்தால் இரிடோவைரஸ் என்ற சந்தேகம் வலுக்கும். அப்படியானால் செய்ய அதிகம் இல்லை. அந்த மீனை எடுத்த இடத்தில் உடனே இன்னொரு கௌராமியை விடாதீர்கள். பயன்படுத்திய வலையையும் குழாயையும் மற்ற தொட்டிகளில் போடாதீர்கள். மீன் காசநோய்க்கும் இதே அறிகுறிகள் உண்டு, அது தோல் வெட்டு வழியாக நமக்கும் வரக்கூடியது. கையில் காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து எதுவானாலும் செடித் தொட்டியில் நேராக ஊற்ற வேண்டாம். உப்பு பல செடிகளைக் கருக்கிவிடும், தாமிரம் கலந்த மருந்து இறாலைக் கொல்லும். சிகிச்சை தனித் தொட்டியில்தான். புது மீன் எதுவாக இருந்தாலும் நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். கடையில் எல்லா மீனும் சாப்பிடும் நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்ல பழக்கம்: துடிப்பாக வந்து சாப்பிடும் மீனை எடுங்கள், நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் ஊரில் இல்லை. என்ன செய்வது?

வளர்ந்த ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருக்கும், செடி நிறைந்த தொட்டியில் மேய்ந்துகொள்ளவும் ஏதாவது கிடைக்கும். பழக்கமில்லாதவரிடம் உணவு டப்பாவை ஒப்படைத்தால் அள்ளிப் போட்டுவிடுவார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் மாற்றிவிடுங்கள், விளக்கை டைமரில் போடுங்கள், மிதக்கும் செடியை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கழித்துவிடுங்கள். நீங்கள் திரும்புவதற்குள் அது மேற்பரப்பு முழுவதையும் மூடிவிடக் கூடாது.